பசை மாவு

சைகோனில் ட்ரூங் டின் தெருவில் ஒரு மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆபீஸ் வேலையாக அங்கே போயிருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். உள்ளே தமிழ் முகம் ஒன்றுகூட இல்லை. வியட்நாமியப் பெண்கள் கருவறையின் பின்சுவரில் நெற்றியை ஒட்டி வைத்துக்கொண்டு ஆத்தாளிடம் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே வந்ததும் நல்ல பசி. பக்கத்துச் சந்தில் நாலைந்து பிளாஸ்டிக் முக்காலி போட்ட கடை. பான் மீ வாங்கினேன்.

முழங்கை நீள ரொட்டியை நெடுக்கக் கீறி, உள்ளே ஈரல் பேட்டே தடவி, பன்றிக்கறித் துண்டு, ஊறவைத்த கேரட், முள்ளங்கி, வெள்ளரி, கொத்தமல்லித் தழை, பச்சை மிளகாய் எல்லாம் அடைத்துக் காகிதத்தில் சுற்றித் தந்தார் அந்த அம்மா. கடித்ததும் மேல்தோல் நொறுங்கிச் சட்டையெல்லாம் சிதறியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம். விருதுநகர் எண்ணெய் பரோட்டாவைப் பிய்க்கும்போது வருமே, அதே சத்தம்.

'பான்' என்றால் பலகாரம், 'மீ' என்றால் கோதுமை. அரிசி தின்கிற நாட்டில் கோதுமைக்கு என்ன வேலை? 1859இல் பிரெஞ்சுப் படை சைகோனைப் பிடித்தது. துரைமார்களோடு துரைமார் ரொட்டியும் வந்தது. அப்போது அதன் பெயரே 'மேற்கத்தியப் பலகாரம்'தான். அந்த ஆட்சியோடு நம்மாட்களும் போனார்கள். புதுச்சேரி, காரைக்கால்காரர்கள் 1881ஆம் ஆண்டு ஆணையின்படி இந்துச் சட்டத்தையும் இஸ்லாமியச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்குள் வந்து, அங்கே அரசு உத்தியோகம் பார்த்தார்கள். நகரத்தார் மீகாங் கழிமுகத்து நெல் விவசாயிகளுக்கு வட்டிக்குக் கொடுத்தார்கள். அந்த ஊர்க்காரர்கள் அவர்களைப் பற்றி நல்லபடியாகப் பேசவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1954இல் ஜெனிவா ஒப்பந்தம் நாட்டைக் கூறு போட்டது. வடக்கிலிருந்து பல லட்சம் பேர் தெற்கே வந்தார்கள். அப்படி வந்த ஒரு தம்பதி 1958இல் சைகோனில் ஹுவா மா என்ற கடையைத் திறந்தார்கள். அதுவரை தட்டில் தனித்தனியாக வைத்துத் தின்றதையெல்லாம் ரொட்டிக்குள்ளேயே அடைத்துக் கையில் கொடுத்தது அந்தக் கடைதான் என்பார்கள். உட்கார்ந்து தின்ன நேரமில்லாதவனின் சாப்பாடு அது. துரை ரொட்டி வியட்நாம் ரொட்டியானது அங்கேதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கு மைதா வந்த கதை வேறு. புதுச்சேரியிலும் அதே பிரெஞ்சு ரொட்டி உண்டு, ஆனால் அது விருதுநகர்ப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. எங்கள் ஆட்களின் கப்பல் பர்மாவுக்கும் இலங்கைக்கும் போனது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. லட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்தே திரும்பினார்கள். அரிசிக்கு ரேஷன். இல்லாத அரிசியின் இடத்தில் கோதுமை வந்து உட்கார்ந்தது. பர்மாவில் பரோட்டாவை 'பலாட்டா' என்பார்கள். விருதுநகரில் இன்றும் பரோட்டா என்றால் 'பர்மா கடை' என்ற பெயர் கூடவே வரும். கல்லின் குழியில் எண்ணெயைத் தேக்கி அதில் பரோட்டாவைப் பொரித்தெடுப்பது மட்டும் எங்கள் ஊர்ச் சரக்கு. எண்ணெய் வியாபாரத்தில் பேர்போன ஊர் வேறு எப்படிச் சமைக்கும்?

1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 ஒப்பந்தம். கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. தெற்கு வியட்நாமுக்கும் அதே திட்டத்தில் அமெரிக்கத் தானியம் போனது. 1965, 66 வறட்சியில் நாம் கையேந்தி நின்றபோது ஜனாதிபதி ஜான்சன் மாசாமாசம் கணக்குப் பார்த்துத்தான் கப்பலை விட்டார். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை இந்தியா கண்டித்தது அவருக்கு எரிச்சல். குண்டு விழுந்தது அங்கே, அடுப்பு அணைந்தது இங்கே.

இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அம்மா இருந்தே தெரிந்துகொண்டவள். அன்றைக்கு ராத்திரி ஹோட்டலிலிருந்து வீடியோ காலில் இந்த ரொட்டிக் கதையைச் சொன்னேன்.

அம்மாச்சி சிவகாசி பக்கத்துக் கிராமத்தில் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டியவள். குரோஸ் கணக்கில் கூலி. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. பசை காய்ச்ச மைதாவைக் கம்பெனியிலிருந்து அளந்து கொடுப்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் கலப்பது வழக்கம். துத்தம் விஷம். அம்மாச்சி சாகும்வரை பரோட்டாவைத் தொட்டதில்லை. சனிக்கிழமை சம்பளத்தன்று அப்பா சால்னாவோடு பார்சல் வாங்கி வந்தால், "ஏய்யா, பசை மாவத் தின்னா கொடல் ஒட்டிக்கிரும்யா" என்பாள். நாங்கள் சிரிப்போம். கிழவிக்கு மைதா ஆகாது என்று நானும் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

"அப்படியில்லடா," என்றாள் அம்மா. "அறுபத்தாறுல எனக்கு ஆறு வயசு. வீட்ல அரிசி இருக்காது, ஆனா பசை மாவு இருக்கும். ஒருநா நானும் மாமாவும் அதுல ரெண்டு கை அள்ளித் தண்ணியில கரைச்சுக் குடிச்சிட்டோம். அன்னிக்குப் பசை பத்தல. பெட்டி கொறஞ்சிருச்சு, கூலியப் பிடிச்சிட்டாங்க. அதுக்கப்புறம் மாவு வந்த ஒடனே மொதல்ல துத்தத்தப் போட்டு வச்சிருவா. நெறம் நீலமா மாறிட்டா நாங்க அதப் பாத்துப் பசிக்குதுன்னு கேக்க மாட்டோம்ல."

"அடிச்சாளா?"

"அடிக்கல. அன்னிக்கு அவ கஞ்சிய எங்களுக்கு ஊத்திட்டுப் படுத்துக்கிட்டா."

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அம்மாவே கேட்டாள், "அந்த ரொட்டியில காரம் போடுவாங்களா? சப்புன்னு இருக்குமா?"

பச்சை மிளகாய் போடுவார்கள் என்றேன்.

"அப்ப நாளைக்கும் அதையே தின்னு. வெளியூர்ல வயித்தக் காயப் போடாத."