பெங்களூரில் இடமறி அளவை: அடிக்கோடும் அணுக்கடிகாரமும்

திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பின் மைசூர் நாட்டை அளக்க முற்பட்ட வில்லியம் லாம்டன், 1800ஆம் ஆண்டின் இறுதியில் பெங்களூருக்கு அருகே ஏறத்தாழ 7.4 மைல் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். அடிக்கோடு என்பது முக்கோண அளவையில் நிலத்தின்மீது நேரடியாக அளக்கப்படும் பக்கம். ஏனைய தொலைவுகள் கோணங்களைக் கொண்டு கணக்கிடப்படுவதால், அதில் நேரும் பிழை அதன்மேல் எழும் முக்கோணங்கள் அனைத்திலும் பரவும். ஆகவே, 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே அளந்த அடிக்கோட்டிலிருந்து மேற்கே நீண்ட முக்கோணங்களைச் சரிபார்க்க, 1804இல் லாம்டனின் உதவியாளர் ஜான் வாரன் பெங்களூரில் மீண்டும் ஒரு கோட்டை அளந்தார். கணக்கிட்ட நீளத்துக்கும் அளந்த நீளத்துக்கும் இடையே 3.7 அங்குலமே வேறுபட்டது.

செயற்கைக்கோள் வழி இடமறிதலில் கோணத்தின் பணியைக் காலம் ஏற்றது. சிக்னல் வந்துசேர எடுக்கும் நேரத்தைக் கொண்டு தொலைவு கணக்கிடப்படுவதால், கடிகாரத்தில் ஒரு மைக்ரோ விநாடி பிசகினாலும் கணக்கில் 300 மீட்டர் பிழை நேரும். பெங்களூரை அடுத்த பியாலாலுவில் 2013இல் தொடங்கப்பட்ட இஸ்ரோவின் வழிகாட்டு மையம் இந்தியாவின் நாவிக் எனும் செயற்கைக்கோள் இடமறி அமைப்புக்குரியது. நாவிக்கின் முதல் செயற்கைக்கோளான ஐஆர்என்எஸ்எஸ்-1ஏ, தன் மூன்று ருபீடியம் அணுக்கடிகாரங்களும் பழுதானபின், இடமறிதலுக்கு உதவாமல் குறுஞ்செய்தி ஒலிபரப்புக்கு மட்டுமே பயன்பட்டது. 2023 மே மாதம் ஏவப்பட்ட நாவிக் செயற்கைக்கோளான என்விஎஸ்-01, உள்நாட்டில் உருவான அணுக்கடிகாரத்தையும், கைக்கடிகாரம் போன்ற சிறு கருவிகளுக்கு உகந்த எல்-1 அலைவரிசையையும் சுமந்து சென்றது.

ஒரு கருவி இயங்குவதும் அது இடத்தை அறிவதும் வெவ்வேறு என்னும் உண்மை விளையாட்டுக் கைக்கடிகாரத்துக்கும் பொருந்தும். இதயத் துடிப்பை அளக்கும் உணரியும் செயற்கைக்கோள் ரிசீவரும் தனித்தனியே இயங்குவதால், ஒரு பயிற்சியைக் கணினிக்கு மாற்றும்போது நேரமும் துடிப்பும் வந்துசேர, ஓடிய பாதை மட்டும் விடுபடுவதுண்டு. டிரெட்மில் ஓட்டம் எனத் தேர்ந்திருந்தால் ரிசீவர் பெரும்பாலும் அணைந்திருக்கும். செயற்கைக்கோள்களின் சிக்னல் பிடிபடுமுன் புறப்பட்டால் தொடக்கப் பகுதி பதிவாகாது. கோப்பு வடிவமும் காரணமாகலாம்: டிசிஎக்ஸ் வடிவம் இடமில்லாத பதிவுகளையும் ஏற்கும், ஜிபிஎக்ஸ் வடிவமோ ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் கட்டாயமாகக் கோரும். எனவே கடிகாரத்திலுள்ள மூலக் கோப்பை முதலில் ஆராய்வதே முறையாகும். அதில் இட ஆயத்தொலைவுகள் இருப்பின் பழுது மாற்றத்தில் நேர்ந்தது, இல்லையெனில் பதிவிலேயே நேர்ந்தது. முன்னதை மறுமுறை மாற்றித் திருத்தலாம். பின்னதை எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது.