மார்பகக் குறைப்பு அறுவையில் வடிகுழாய்

மார்பகக் குறைப்பு அறுவைக்குப் பின், காயத்தின் உள்ளே ஊறும் இரத்தத்தையும் திசுநீரையும் வெளியே கொண்டுவரச் சில நாட்களுக்கு வைக்கப்படும் மெல்லிய குழாய் வடிகுழாய். மருத்துவமனைப் பேச்சில் ‘டிரெயின்’. வழக்கமாக மார்பகத்துக்கு ஒன்று வீதம் இரண்டு இருக்கும். அக்குளுக்குக் கீழே விலாவோரமாகவோ, மார்பகத்தின் கீழ்மடிப்பில் உள்ள தையலின் வெளிமுனையிலோ குழாய் வெளிவரும். ஒரு நூல்தையல் அதைத் தோலோடு பிடித்துவைக்கும்.

காயத்துக்குள் இருக்கும் பகுதியில் துளைகளோ நீளவாட்டில் பள்ளங்களோ உண்டு. வெளிமுனை, காற்று நீக்கிய ஒரு குப்பியில் சேரும். வெற்றிடக் குப்பியைக் கொண்டு உறிஞ்சும் முறையை 1950களில் பிரெஞ்சு அறுவை மருத்துவர் ரெடோன் பரவலாக்கினார். கைக்குள் அடங்கும் சிலிக்கோன் குமிழ் கொண்ட ஜாக்சன்-பிராட் வகை 1970களின் தொடக்கத்தில் மூளை அறுவைக்கென உருவாகிப் பிறகு மற்ற அறுவைகளுக்கும் வந்தது. இந்திய மருத்துவமனைகளில் அதிகம் காணப்படுவது ரோமோவாக். இதன் குப்பி துருத்தி போல மடிந்து விரியும். குமிழ், துருத்தி இரண்டிலும் வேலை ஒன்றுதான்: அமுக்கிய குப்பி பழைய வடிவத்துக்கு விரிய முயலும்போது நீரை உள்ளே இழுக்கிறது. குப்பி நிறைய நிறைய இழுவிசை குறையும். பாதி நிறைந்ததுமே காலி செய்யச் சொல்வது இதனால்தான்.

இந்த அறுவையில் வடிகுழாய் கட்டாயமில்லை. 2015-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு, மார்பகக் குறைப்பு செய்துகொண்ட 306 பெண்களிடம் நடந்த 3 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. குழாய் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் சிக்கல்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வைக்காதவர்கள் ஏறக்குறைய முக்கால் நாள் முன்னதாக வீடு திரும்பினார்கள். அமெரிக்க பிளாஸ்டிக் அறுவை மருத்துவர் சங்கத்தின் 2012 வழிகாட்டுதலும் வழக்கமான குறைப்பு அறுவையில் இதனால் பயனில்லை என்றது. கூடவே கொழுப்பு உறிஞ்சலும் செய்தால் முடிவை மருத்துவரிடமே விட்டது. ஆனாலும் அகற்றிய திசு மிக அதிகமாக இருந்தாலோ, அறுவையின்போது இரத்தக்கசிவு எளிதில் அடங்காதிருந்தாலோ பலர் இன்றும் குழாய் வைக்கிறார்கள். பழக்கமும் ஒரு காரணம் என்பதை மறுப்பதற்கில்லை.

வீட்டில் செய்யவேண்டியது சிக்கலானதல்ல, ஆனால் வரிசை தவறக்கூடாது. முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். உதவுபவர் கையுறை அணிவது நல்லது. குழாயில் இரத்தக்கட்டி தெரிந்தால், மருத்துவமனையில் கற்றுக்கொடுத்திருந்தால் மட்டும், அதைக் குப்பிப்பக்கம் நகர்த்திவிடலாம்: தோலருகே குழாயை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, மறுகை விரல்களால் நசுக்கியபடி குப்பியை நோக்கி இழுக்கவேண்டும். மேலே பிடித்த கை தளர்ந்தால் இழுப்பு முழுவதும் தையலில் விழும். பிறகு குப்பியின் மூடியை, அதன் உட்பக்கம் எதிலும் படாமல் திறந்து, நீரை அளவுக் கோப்பையில் ஊற்றவேண்டும். காற்று வெளியேறும்படி குப்பியை நன்றாக அமுக்கி, அமுக்கிய நிலையிலேயே மூடவேண்டும். துருத்திக் குப்பியானால், திறக்கும் முன் குழாயிலுள்ள கிளிப்பைப் போட்டுவிடவேண்டும்; இல்லாவிட்டால் அமுக்கும்போது நீர் காயத்துக்கே திரும்பிப் போகலாம். மூடியபின் கிளிப்பை எடுக்க மறந்தால் குழாய் இருந்தும் பயனில்லை. அளந்த நீரைக் கழிப்பறையில் கொட்டலாம்.

அளவை இரண்டு மார்பகத்துக்கும் தனித்தனியாக, நேரத்தோடு எழுதவேண்டும்: ‘காலை 7, வலது 25 மி.லி., இடது 40 மி.லி.’ என்பதுபோல. இரண்டையும் கூட்டி எழுதிய தாளால் மருத்துவருக்கு உதவி குறைவு.

குப்பியைக் காயத்துக்குக் கீழே, உள்ளாடையிலோ முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டியிலோ ஊக்கால் பொருத்தலாம். ஊக்கு குப்பியின் பட்டையில் குத்தவேண்டும், குழாயில் அல்ல. குளிக்க அனுமதி கிடைத்தபின், கழுத்தில் ஒரு நாடாவைக் கட்டிக் குப்பிகளை அதில் தொங்கவிடுவது எளிய வழி. மல்லாந்து, தலைப்பக்கம் சற்று உயர்த்திப் படுப்பது பொதுவான அறிவுரை.

முதல் நாள் வடிவது அடர்சிவப்பு. அடுத்தடுத்த நாட்களில் இளஞ்சிவப்பாகி, பின் வைக்கோல் மஞ்சளாகும், அளவும் குறையும். இடையே நூல் போன்ற கட்டிகள் வருவது இயல்பே. வெளிறிய நீர் மீண்டும் இரத்தச் சிவப்பாக மாறினாலோ, குப்பி வேகமாக நிறைந்தாலோ உடனே மருத்துவமனையை அழைக்கவேண்டும்.

அதைவிடக் கவனிக்கவேண்டியது வெறுமையான குப்பி. வடிகுழாய் இரத்தக்கட்டைத் தடுப்பதில்லை. பெரிதாக உறைந்த இரத்தம் குழாயின் சிறு துளைகளில் நுழையாது. ஒரு மார்பகம் மட்டும் திடீரென வீங்கி, கல்லாக இறுகி, வலி கூடினால், குப்பியில் சொட்டு நீர் இல்லாவிட்டாலும் அது அவசரநிலைதான். 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், பரவும் சிவப்பு, சீழ், துர்நாற்றம் ஆகியவை தொற்றின் அடையாளங்கள். குழாய் தானாகக் கழன்றுவிட்டால் திரும்ப உள்ளே தள்ளக்கூடாது. துளையைச் சுத்தமான சல்லடைத்துணியால் மூடிக்கொண்டு மருத்துவரிடம் போகவேண்டும்.

புற்றுநோய்க்காக மார்பகத்தையும் அக்குள் நிணநீர்க் கணுக்களையும் அகற்றியவர்களுக்குக் குழாய் இரண்டு மூன்று வாரங்கள்கூட இருக்கும். அவர்களுக்கான குறிப்புகளைப் படித்துவிட்டு, குறைப்பு அறுவை செய்துகொண்டவர்கள் வீணாகப் பயப்படுவதுண்டு. இங்கே கணுக்களைத் தொடுவதில்லை. பலருக்கு மறுநாளோ சில நாட்களிலோ குழாயை எடுத்துவிடுவார்கள். 24 மணி நேரத்தில் ஒரு குழாயில் 30 மி.லி.க்குக் குறைவாக வடிவது பரவலான அளவுகோல். சிலர் 20 மி.லி. என வைத்திருக்கிறார்கள்.

எடுக்கும்போது தையலை வெட்டி, உறிஞ்சலை நிறுத்தி, நோயாளி மூச்சை வெளிவிடும்போது குழாயை உருவுவார்கள். சில நொடிகள் இழுபடும் உணர்வும் எரிச்சலும் இருக்கும். துளையைப் பொதுவாகத் தைப்பதில்லை; ஓரிரு நாள் கசிந்து தானாக மூடும். அதன்பிறகும் உள்ளே நீர் சேர்ந்தால், சிறிய அளவு உடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். அதிகமானால் வெளிநோயாளர் பிரிவிலேயே ஊசியால் இழுத்தெடுப்பார்கள்.