கையில் பட்டிருக்க வேண்டிய கிழிசல்

இந்த வாரக் கதை இங்கிலாந்தில் நடக்கிறது. ஆனா நம்ம வார்த்தை ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்: சுகப்பிரசவம். சிசேரியன் இல்லை, தாயும் சேயும் நலம், அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். அந்த அம்மாவுக்கு எந்தத் தசை கிழிந்தது, தையல் சரியாகப் பிடித்ததா என்பதெல்லாம் அந்த வார்த்தைக்குள் வராது. இங்கிலாந்தில் ‘நார்மல் டெலிவரி’ என்பார்கள். அதுக்குள்ளயும் வராது.

கொஞ்சம் உடற்கூறு. குழந்தை வெளியே வரும்போது பிறப்புறுப்புக்கும் மலவாய்க்கும் நடுவில் இருக்கும் சதை கிழியலாம். இதை நாலு நிலையாகப் பிரிக்கிறார்கள். முதல் நிலையில் தோல் மட்டும். இரண்டில் அதற்குக் கீழே உள்ள தசையும். மூன்றாம் நிலை என்றால் மலவாயை இறுக்கிப் பிடிக்கிற தசை வளையமும் போய்விட்டது. நாலாவதில் கிழிசல் மலக்குடலின் உட்சுவர் வரைக்கும் போகிறது. மூன்றை இரண்டு என்று நினைத்து மேலாகத் தைத்து அனுப்பிவிட்டால், வெளியே ஆறிவிடும். உள்ளே வளையம் அறுந்தே இருக்கும். அப்புறம் காற்றை அடக்க முடியாது, சில பேருக்கு மலத்தையும் அடக்க முடியாது. இதை அம்மாகிட்டகூடச் சொல்லக் கூச்சப்படுவாங்க.

1993 டிசம்பரில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் டாக்டர் அப்துல் சுல்தானும் அவருடைய லண்டன் சகாக்களும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதே பெண்களைப் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் மலவாய் வழியாக ஸ்கேன் செய்து பார்த்தார்கள். யோனி வழியாக முதல் குழந்தை பெற்ற 79 பேரில் 28 பேருக்குத் தசை வளையத்தில் சேதம். அதாவது 35 சதவீதம். ஆயுதம் போட்டு எடுத்த 10 பேரில் 8 பேருக்கு. பிரசவ அறையில் கண்டுபிடிக்கப்பட்டதோ மிகச் சிலருக்குத்தான்.

மீதிப் பேருக்கு இருந்ததை ‘மறைந்த காயம்’ என்றார்கள். இந்தப் பெயரைக் கவனிங்க. மறைந்திருந்தது என்றால் பார்க்காதது யார் தப்பும் இல்லையே! இங்கிலாந்தில் 1957இன் போலம் வழக்கிலிருந்து விதி இதுதான்: பொறுப்பான மருத்துவர்களில் ஒரு சாரார் ஏற்கும்படி நடந்துகொண்டால் அது அலட்சியம் ஆகாது. ஸ்கேனில் மட்டும் தெரிகிற ஒன்றை, பிரசவம் பார்த்தவர் ஏன் பார்க்கவில்லை என்று கேட்டு எப்படி ஜெயிப்பது?

எனக்கு இந்தக் கதையில் ரொம்பப் பிடித்த இடம் 2006. சுல்தானின் குழுவே தன் பழைய வார்த்தையைச் சோதித்தது. யோனி வழியாக முதல்முறை பிரசவித்த 241 பெண்களை, பயிற்சி பெற்ற ஒருவர் உடனே மறுபடி பரிசோதித்தார். பிரசவம் பார்த்தவர்கள் கண்டுபிடித்தது 11 சதவீதம். மறுபரிசோதனைக்குப் பின் அது 24.5 சதவீதம். ஸ்கேன் வந்து கூடுதலாகக் காட்டியதோ விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரை. ஆக, பெரும்பாலான காயம் மறைந்திருக்கவே இல்லை. மலவாய்க்குள் ஒரு விரலை விட்டு, தசையைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அதைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

இங்கிலாந்தில் முதல் பிரசவங்களில் பதிவான மூன்றாம், நாலாம் நிலைக் கிழிசல் 2000இல் 1.8 சதவீதம், 2012இல் 5.9. பிரசவம் திடீர்னு மூணு மடங்கு மோசமாயிடுச்சா? தேடிப் பார்க்க ஆரம்பித்ததுதான் முக்கியக் காரணமாக இருக்க வேண்டும் என்றார்கள் ஆய்வாளர்கள். லாகிங் ஆன் பண்ணின மறுநாள் எரர் எண்ணிக்கை எகிறும் இல்லையா, அது மாதிரி.

வழக்குகளும் இந்தக் கோட்டில்தான் போகின்றன. கிழிந்தது மட்டும் அலட்சியம் இல்லை. நல்ல கையிலும் கிழியும். பரிசோதிக்காமல் விட்டது, நிலையைத் தப்பாகக் குறித்தது, தெரியாதவர் தைத்தது, இதெல்லாம்தான் கேள்வி. 2000 முதல் 2010 வரை அங்கே அரசு மருத்துவமனைகள் மீது வந்த மகப்பேறு நஷ்ட ஈட்டு வழக்குகள் 5,087. கிழிசல் வழக்குகள் அதில் தனி வகையாகவே எண்ணப்பட்டன.

இன்னொரு சிக்கல் கெடு. 1980ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டப்படி மூன்று வருஷம். காயம் பட்ட நாளிலிருந்து, அல்லது அதை அறிந்த நாளிலிருந்து, எது பிந்தியதோ அது. குழந்தை பெத்தா இப்படித்தாம்மா இருக்கும்னு சொல்லி அனுப்பப்பட்ட பெண் எந்தத் தேதியில் ‘அறிந்தாள்’? முதல் தடவை பாத்ரூம் போய்ச் சேர முடியாத அன்றா? வேறொரு மருத்துவர் தொட்டுப் பார்த்துச் சொன்ன அன்றா? பால் கொடுத்து, தூக்கமில்லாமல், யாரிடமும் சொல்லாமல் கடக்கிற வருஷங்களும் அந்தக் கணக்கில் போகலாம்.

2023 அக்டோபரில் எம்.பி. தியோ கிளார்க் தனக்கு நேர்ந்த மூன்றாம் நிலைக் கிழிசலைப் பற்றி நாடாளுமன்றத்திலேயே பேசினார், கண்ணீரோடு. அவர் தலைமையில் நடந்த விசாரணைக்கு 1,300க்கும் மேற்பட்ட அனுபவங்கள் வந்து சேர்ந்தன. 2024 மே மாதம் வெளியான அறிக்கையில் நிறையப் பரிந்துரைகள். அதில் ஒன்று, பிரசவம் தொடர்பான வழக்குகளுக்கு அந்த மூன்று வருஷத்தை ஐந்தாக்க வேண்டும் என்பது.