வட மாகாண முஸ்லிம்களின் காணிப் பிணக்குகள்

வட மாகாண முஸ்லிம்களின் காணிப் பிணக்குகள் என்பன, 1990 ஒக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகளால் இலங்கையின் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும், அவர்கள் விட்டுச்சென்ற வீடு வளவுகளில் பின்னர் குடியிருந்த அல்லது அவற்றை விலைக்கு வாங்கிய குடும்பங்களுக்கும் இடையே எழுந்த உரிமைத் தகராறுகளைக் குறிக்கும். வெளியேற்றப்பட்டவர்களின் சொந்த உறவினரிடையே எழுந்த பங்குப் பிணக்குகளும் இவற்றுள் அடங்கும். போர் 2009 மே மாதத்தில் முடிந்தபின் மக்கள் திரும்பத் தொடங்கியபோது இவை பெருமளவில் வெளிவந்தன.

வெளியேற்றம்

யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா ஆகிய ஐந்து மாவட்டங்களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணி நேர அவகாசமே கிடைத்தது. உடுதுணியும் சிறுதொகைப் பணமும் மட்டும் கொண்டுசெல்ல அனுமதிக்கப்பட்டனர். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குச் சென்றனர். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்தில் அகதிகளாகத் தங்கினர். காணி உறுதிகளைக் கொண்டுவர முடியாதவர்கள் அநேகர். பின்னாளில் ஒவ்வொரு பிணக்கிலும் முதலில் கேட்கப்பட்டது அந்த உறுதியே.

ஆளில்லா வீடுகள்

கைவிடப்பட்ட வீடுகளின் கதவு, நிலை, ஓடு ஆகியன கழற்றப்பட்டன. எஞ்சிய வீடுகளில் குடியேறியவர்கள் எல்லோரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. அவர்களுள் பலர் தாமே இடம்பெயர்ந்தவர்கள். வலிகாமம் வடக்கிலிருந்து, பின்னர் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்ட பகுதிகளை விட்டு 1990 முதல் வெளியேறிய தமிழ்க் குடும்பங்கள் அதற்கு உதாரணம். முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டுச் சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறியபோது வலிகாமத்துத் தமிழ் மக்களும் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் ஊரைவிட்டு வெளியேற நேர்ந்தது.

2002 போர்நிறுத்தத்தின்போது பாதை திறந்ததும் முஸ்லிம்கள் தம் வீடுகளைப் பார்க்கச் சென்றனர். அவ்வாண்டு ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த செய்தியாளர் மாநாட்டில் புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் வெளியேற்றத்துக்கு மன்னிப்புக் கோரினார். ஆயினும் நிலையான திரும்புகை அப்போது நிகழவில்லை. புத்தளத்தில் ஒரு துண்டுக் காணி வாங்கவோ, மகளுக்குச் சீதனம் கொடுக்கவோ பணம் தேவைப்பட்டவர்கள் வடக்கிலிருந்த வளவைக் கிடைத்த விலைக்கு விற்றனர். அவ்விற்பனைகள் மனமொப்பிச் செய்தவையா, வேறு வழியின்றிச் செய்தவையா என்பது பிற்காலத் தகராறுகளின் ஒரு பகுதி.

பத்து ஆண்டு எல்லை

இலங்கையின் 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி, தனியார் காணியொன்றை ஒருவர் உரிமையாளரின் உரித்தை ஏற்காமல், தடையின்றிப் பத்து ஆண்டுகள் ஆண்டு அனுபவித்தால், அவர் அதற்கு உரித்துக் கோரலாம். வாடகை செலுத்தியவரோ, உரிமையாளரின் வேண்டுகோளின்படி வீட்டைப் பார்த்துக்கொண்டவரோ இவ்வாறு கோர முடியாது. ஆனால் திறப்பை அயலவரிடம் கொடுத்துச் சென்றதற்கு எழுத்துச் சான்று எங்கே இருக்கும்? வாய்ச்சொல்லில் நடந்த ஏற்பாட்டை இருபது ஆண்டுகளின் பின் நிரூபிக்க வேண்டிய சுமை திரும்பியவர் தலையில் விழுந்தது.

இச்சட்டத்தின் 13ஆம் பிரிவு சிலருக்குச் சலுகை தருகிறது. உரிமையாளர் பராயமடையாதவராகவோ, சித்த சுவாதீனமற்றவராகவோ, கடல் கடந்து வாழ்பவராகவோ இருந்தால் அவருக்கு எதிராகப் பத்து ஆண்டுக் கணக்கு ஓடாது. முப்பது ஆண்டு ஆட்சி நிரூபிக்கப்பட்டால் அச்சலுகையும் பயன்படாது. ஆயுத முனையில் துரத்தப்பட்டு அதே நாட்டில் அகதி முகாமில் இருப்பவரைப் பற்றி அப்பிரிவு எதுவும் கூறவில்லை. இதனால் வெளிநாடு சென்ற உரிமையாளருக்குக் கிடைத்த பாதுகாப்பு, புத்தளத்து ஓலைக் குடிசையில் வாழ்ந்தவருக்குக் கிடைக்கவில்லை. 1990இல் தொடங்கிய பத்து ஆண்டு 2000இலேயே நிறைவடைந்துவிட்டது. அப்போது வழக்குத் தொடுக்க யாழ்ப்பாணம் செல்வதே அவர்களால் இயலாததாக இருந்தது.

குடும்பத்துக்குள் பிணக்கு

1990இல் வெளியேறிய ஒரு குடும்பம், திரும்பும் காலத்தில் நான்கைந்து குடும்பங்களாகப் பெருகியிருந்தது. தந்தையின் பெயரிலிருந்த ஒரே வளவுக்கு மக்களும் பேரப்பிள்ளைகளும் பங்காளிகளாயினர். முதலில் ஊர் திரும்பிய சகோதரர் வீட்டைத் திருத்திக் குடியிருக்க, புத்தளத்தில் தங்கிய சகோதரிகள் தம் பங்கைக் கேட்டனர். இங்கு சட்டம் தெளிவானது. 1911இல் கொரியா எதிர் அப்புஹாமி வழக்கில் பிரித்தானியக் கோமறை மன்றம் அளித்த தீர்ப்பின்படி, கூட்டு உரிமையாளர் ஒருவரின் ஆட்சி மற்றெல்லோருக்குமான ஆட்சியாகவே கருதப்படும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்து விலக்கியதை நிரூபித்தாலன்றி, குடியிருந்தவர் தனியுரித்துப் பெற முடியாது. ஆனால் அற்றோணித் தத்துவம் பெற்ற உறவினர் முழு வளவையும் விற்றுவிட்ட இடங்களில், வாங்கியவரும் பிணக்கில் சேர்ந்துகொண்டார்.

அரச காணி

மன்னார், முல்லைத்தீவு மாவட்டங்களில் பல குடும்பங்கள் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றுப் பயிர் செய்தவை. அரசுக்கு எதிராக ஆட்சியுரிமை ஓடாது என்பதால் இங்கு பத்து ஆண்டு விதி எழவில்லை. மாறாக, காணியில் வசித்துப் பயிர்செய்ய வேண்டும் என்ற நிபந்தனை முன்னுக்கு வந்தது. வெளியேற்றப்பட்டவர் அதை நிறைவேற்ற முடியாதவர். அதே காணியில் வேறொருவர் குடியேறியிருந்தால், பழைய பத்திரமும் புதிய குடியிருப்பும் நேருக்கு நேர் நின்றன. 2013இல் காணி ஆணையாளர் நாயகம் வெளியிட்ட சுற்றறிக்கை இத்தகைய பிணக்குகளை விசாரிக்கும் முறையை வகுத்தது. பிரதேச செயலகத்தில் நடக்கும் காணிக் கச்சேரிகளில் கிராம அலுவலரின் சாட்சியமே பல வேளைகளில் உறுதிக்கு ஈடாக அமைந்தது. சிலாவத்துறையில் மக்கள் காணியில் கடற்படை முகாம் இருந்தமையால், அங்கு பிணக்கு குடும்பங்களுக்கிடையே அன்றி அரசுடனாயிற்று.

2016ஆம் ஆண்டுச் சட்டம்

கற்ற பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு தனது 2011 அறிக்கையில் வட மாகாண முஸ்லிம்களின் மீள்குடியேற்றத்தையும் ஆராய்ந்தது. பின்னர் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆயுதக் குழுக்களின் செயற்பாட்டால் தம் உரிமையைக் கோர முடியாதிருந்தவர்களுக்கு எதிராக, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலம் கணக்கில் சேராது என்பது அதன் சாரம். இனம், மதம் என்ற வேறுபாடின்றி எல்லோருக்கும் இது பொருந்தும். ஆனால் வழக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுக்கப்பட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. அக்காலம் 2018இல் முடிந்தது. சட்டத்தை அறிந்து, ஆவணம் திரட்டி, சட்டத்தரணிக்குப் பணம் தேடுவதற்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அகதியாக வாழ்ந்த குடும்பத்துக்கு இரண்டு ஆண்டு மிகக் குறுகியது. நீதிமன்றத்துக்கு வெளியே மத்தியஸ்த சபைகள் மூலமும் சில பிணக்குகள் இணக்கமாகத் தீர்க்கப்பட்டன.

மதிப்பீடு

வட மாகாண முஸ்லிம்கள் பற்றி நீண்டகாலம் ஆய்வு செய்தவர், எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியற் பேராசிரியர் எஸ். எச். ஹஸ்புல்லா. வெளியேற்றம் குறித்து விசாரித்த மக்கள் ஆணைக்குழுவின் அறிக்கையும் 2011இல் வெளியானது. எனினும் இவ்வரலாற்றின் காணிப் பக்கம் பொதுமக்களிடையே குறைவாகவே பேசப்படுகிறது.

இவ்வழக்குகளில் நீதிமன்றத்தின் முன் நிற்பவை இரண்டு குடும்பங்கள். ஒன்று துரத்தப்பட்டது. மற்றது, பல இடங்களில், வேறொரு திசையிலிருந்து துரத்தப்பட்டு அந்தக் கூரையின்கீழ் வந்து சேர்ந்தது. வெளியேற்றியவர்கள் வழக்கில் ஒரு தரப்பினர் அல்லர். எனவே காணியைத் திருப்பிக் கொடுக்கும் தீர்ப்பு எவ்வளவு நியாயமானதாயினும், வெளியேறும் குடும்பத்துக்கு மாற்றுக் காணியும் திரும்பும் குடும்பத்துக்கு வீடமைப்பு உதவியும் அரசு வழங்காதவரை, இழப்பு ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு மாறுவதாகவே அமைகிறது.