உள்ளீடற்ற கான்கிரீட் பலகைகளும் அவற்றைப் பிழியும் இயந்திரமும்

நியூஜெர்சி நெடுஞ்சாலைகளில் டிரெய்லர் லாரிகளில் அடுக்கி வரும் நீண்ட கான்கிரீட் பலகைகளைச் சிலர் பார்த்திருக்கலாம். முனையில் வரிசையாகத் துளைகள் தெரியும். தங்கும் விடுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் தளமாகப் போகிறவை இவை. கட்டுமானவியலில் முதுகலை படித்துவிட்டு மென்பொருளுக்கு வந்துவிட்ட எனக்கு, இப்போதும் அந்த லாரிகள் மீது கண் போகிறது.

துளை எதற்கு? பாரம் ஏறும்போது தளத்தின் மேற்பகுதி அழுத்தத்தையும் அடிப்பகுதி இழுவிசையையும் தாங்குகின்றன. நடுவில் உள்ள கான்கிரீட்டுக்கு வேலை குறைவு; எடைதான் அதிகம். 200 மி.மீ. தடிமனுள்ள கெட்டித் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 480 கிலோ. அதே தடிமனில் துளையுள்ள பலகை ஏறக்குறைய 300 கிலோதான்.

அடிப்பகுதியின் இழுவிசையைச் சமாளிக்க எஃகு வடங்களை முன்கூட்டியே இழுத்துப் பிடித்துக் கான்கிரீட் இடுகிறார்கள். இதுவே முன்தகைவுக் கான்கிரீட். அமெரிக்காவில் இதன் முதல் பெரிய பாலம் பிலடெல்பியாவின் வால்நட் லேன் பாலம் (1951). பெல்ஜியப் பொறியாளர் குஸ்தாவ் மக்னெல் வடிவமைத்த அதற்குக் கம்பி தந்தது நியூஜெர்சி டிரென்டனில் இருந்த ரோப்ளிங் நிறுவனம். புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த ஜான் ரோப்ளிங் தொடங்கியது அது.

இயந்திரம் வேலை செய்யும் விதம் சுவையானது. நூறு மீட்டருக்கும் மேல் நீளமான எஃகுப் படுகையில் வடங்களை இழுத்துக் கட்டுவார்கள். கான்கிரீட் புட்டு மாவுப் பதத்தில் இருக்கும். பிடித்தால் பிடிபடும், ஓடாது. இயந்திரத்தின் திருகுகள் அதைப் பின்னோக்கித் தள்ளி, அதிர்வால் இறுக்குகின்றன. திருகுகளை ஒட்டிய குழல்கள் நகர்ந்த இடம் துளையாகிறது. முறுக்கு அச்சில் மாவு வெளியே வரும். இங்கே பிழிந்த மாவு படுத்திருக்க, அச்சு முன்னே நகர்கிறது. கான்கிரீட்டைத் தள்ளும் எதிர்விசையே அதை நகர்த்துகிறது. நிமிடத்துக்கு ஒன்றிரண்டு மீட்டர். இறுகிய பின் வைர ரம்பத்தால் வேண்டிய நீளத்துக்கு அறுப்பார்கள்.

அச்சுப் பலகை அடிப்பதும் முட்டுக் கொடுப்பதும் மிச்சம். ஆனால் ஒரு விலை உண்டு. அச்சு நகரும் வழியில் குறுக்கே கம்பி வைக்க முடியாது. நம் ஊர் பீம்களில் கட்டும் 'ரிங்' இதில் கிடையாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவிலும் இயந்திரம் எதையும் கட்டித் தருவதில்லை. அந்த இணைப்பைத் தளத்தில் மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? 1988 டிசம்பர் 7 அன்று ஆர்மீனியாவில் நிலம் நடுங்கியது. சுமார் 25,000 பேர் மாண்டனர். லெனினாகான் நகரில் (இன்றைய கியும்ரி) சரிந்த கட்டிடங்கள் பலவற்றில் துளைப் பலகைகள் ஒன்றோடொன்று சரியாகப் பிணைக்கப்படவில்லை. சுவர் விலகியதும் பலகைகள் தனித்தனியே விழுந்தன. 2008-இல் சீனாவின் சிச்சுவானிலும் இதே கதை.

கலிஃபோர்னியாவின் வளைகுடாப் பகுதி போன்ற நடுக்க மண்டலங்களில் பலகைகளின் மேல் கம்பி விரித்து, 50 மி.மீ.க்குக் குறையாமல் கான்கிரீட் இட்டு, சுவர்களோடு பிணைப்பது இதனால்தான். தளம் முழுதும் ஒரே தட்டாக ஆடும்.

தமிழ்நாட்டிலும் தயார்நிலைக் கான்கிரீட் கட்டிடங்கள் எழுகின்றன. 2002 திருத்தத்தில் சென்னை நிலநடுக்க மண்டலம் இரண்டிலிருந்து மூன்றுக்கு ஏறியது. இத்தகைய வீடு வாங்குவோர் பலகையின் தரத்தை விசாரித்தால் போதாது. அது இயந்திரத்தின் பொறுப்பு, பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பலகைகளை எதனோடு, எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று வரைபடத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.