மதகிற் கிடந்த கல்லும் கொழும்பு வீதிகளும்



கொழும்பு நூதனசாலைக்குச் செல்வோர் கண்டியரசரின் சிம்மாசனத்தையும் வெண்கலச் சிலைகளையும் கண்டு திரும்புவதே பெரும்பாலும் வழக்கம். அங்குள்ள சாசனங்களுள் ஒரு பலகைக் கல்லின்முன் நின்று நோக்குவோர் சிலரே. 1911ஆம் ஆண்டிற் காலி நகரிலே, கிரிப்ஸ் வீதியில், மதகொன்றின் மூடுகல்லாக அது கவிழ்ந்து கிடந்தது. தோமலின் என்னும் பொறியியலாளர் அதனைக் கண்டெடுத்தார். எழுத்துள்ள முகத்தை ஆராய்ந்தபோது சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் அதிற் காணப்பட்டன.

மிங் வமிசத்துப் பேரரசர் யுங் லோவின் பெயரால் 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டுச் சீனத்திலே பொறிக்கப்பெற்று, கடற்றளபதி செங் ஹோவின் கப்பல்களில் இங்கு வந்த கல் அது. சீனப் பகுதி புத்தர் பெருமானைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாரைப் போற்றுகின்றது. தேனாவரை என்பது இன்றைய தெவிநுவர. போர்த்துக்கேயர் 1588இல் இடித்தழித்த பெருங்கோயில் விளங்கிய துறை. பாரசீகப் பகுதி இஸ்லாமியரின் இறைவனைத் துதிக்கின்றது. மூன்றிடத்தும் கூறப்படும் காணிக்கைகளோ ஏறத்தாழ ஒன்றே. பொன் 1000, வெள்ளி 5000, பட்டு, வாசனை எண்ணெய் எனப் பட்டியல் நீள்கின்றது. பேரரசர் வெறும் பக்தியினால் இதனைச் செய்தார் என்று எண்ணிவிட வேண்டா. இதே செங் ஹோ சில ஆண்டுகளுள் வீர அழகேசுவரனைப் போரிற் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டு சென்றான். ஆயினும், இத்தீவின் துறைமுகத்திலே பேச விரும்பும் அந்நியன் எந்தெந்த மொழிகளிற் பேசவேண்டும் என்பதை அவ்வரசவை அறிந்திருந்தது. அத்தகைய கல்லே பின்னர் கழிவுநீர் செல்லும் வழிக்கு மூடியாயிற்று.

கல்லில் எழுதியதெல்லாம் மெய் என்று கொள்வதும் தவறு. 1898இற் கொழும்புத் துறைமுக அலைதடுப்பு வேலையின்போது போர்த்துக்கல் அரசின் இலச்சினையும் சிலுவையும் பொறித்த பாறை ஒன்று வெளிப்பட்டது. அதிலுள்ள ஆண்டு 1501 எனப் படிக்கப்படுகின்றது. போர்த்துக்கேயர் இங்கு வந்ததோ 1505ஆம் ஆண்டளவில். வரலாற்று வகுப்பிலே இவ்வொரு பாறையை வைத்துக்கொண்டு ஒரு பாடவேளை முழுவதும் மாணவரை வாதிடச் செய்யலாம்.

புறக்கோட்டையிலிருந்து கொட்டாஞ்சேனை நோக்கி நடப்போம். கெய்மன் வாசலிலே பழைய மணிக்கூண்டு ஒன்று நிற்கின்றது. கெய்மன் என்றால் ஒல்லாந்த மொழியில் முதலை. கோட்டையைச் சூழ்ந்த நீரிலே முதலைகள் திரிந்தமையால் இப்பெயர் வந்தது என்பர். மேட்டின்மேல் நிற்பது உல்வெந்தால் தேவாலயம். 1749இல் அடிக்கல் நாட்டி, 1757இல் வழிபாட்டுக்குத் திறந்தார்கள். உல்வெந்தால் என்பதன் பொருள் ஓநாய்ப் பள்ளத்தாக்கு. இலங்கையிலே ஓநாய் ஏது? முன்னர் அவ்விடத்திலே போர்த்துக்கேயர் குவாதலூப்பே அன்னைக்குக் கட்டிய சிற்றாலயம் இருந்தது என்றும், அப்பெயரின் ஈற்றை ஒல்லாந்தர் ஓநாயைக் குறிக்கும் சொல்லாக மயங்கினர் என்றும் சொல்வதுண்டு. காதில் விழுந்த பிழை ஒன்று இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாகப் பெயராக நிலைத்துவிட்டது!

அதே கொட்டாஞ்சேனையிலே, 1883 மார்ச் 25ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, பௌத்த ஊர்வலம் ஒன்றுக்கும் கத்தோலிக்கருக்கும் இடையே கலகம் மூண்டது. பாணந்துறை வாதத்திற் புகழ்பெற்ற மொகொட்டிவத்தே குணானந்த தேரரின் விகாரையும், சாந்த லூசியா பேராலயமும் அடுத்தடுத்த அயலிலே உள்ளன. நீதி கிட்டவில்லை என்ற பௌத்தரின் குறையை ஒல்கொட் 1884இல் இலண்டனுக்கு எடுத்துச் சென்றார். 1885இல் வெசாக் பௌர்ணமி அரசாங்க விடுமுறையாயிற்று. இன்று வெசாக் அலங்காரம் காணச் செல்வோருள் எத்தனை பேர் அவ்விடுமுறையின் வேர் இவ்வீதிகளில் உள்ளதென்று அறிவர்? புண்பட்ட நினைவுக்குக் கல் நாட்டலாகாது என்பார் உளர். நான் அதற்கு உடன்படேன். இரு தரப்பாரும் நின்று வாசிக்கத்தக்க நான்கு வரிகளை எழுதுவது கடினமே, எனினும் இயலாததன்று.

நற்செய்தியும் இப்பகுதிக்கு உண்டு. அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் திரும்பிய சுவாமி விவேகானந்தர் 1897 ஜனவரி 15இற் கொழும்பில் இறங்கி, மறுநாள் புளோறல் மண்டபத்திலே சொற்பொழிவாற்றினார். கீழ்நாடு திரும்பியபின் அவர் செய்த முதற் பொதுப்பேச்சு அதுவே. 1902இல் விவேகானந்த சபை தோன்றியது. விவேகானந்தா மேடு என்னும் பெயரே இங்கே நினைவுக்கல்லின் பணியைச் செய்கின்றது.

வெள்ளவத்தைக்கு வருவோம். சிங்களத்தில் 'வெல்ல' என்பது மணல், 'வத்த' என்பது தோட்டம். இன்று காலி வீதியின் இருமருங்கும் தமிழ்க் கடைகள் நிறைந்த இப்பகுதியிலே, ஹவ்லொக் வீதிப் பக்கத்தில், நூற்பு நெசவு ஆலை ஒன்று நெடுங்காலம் இயங்கியது. 1933இல் அவ்வாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தனர். இளைஞர் கழகத்தைச் சேர்ந்த கொல்வின் ஆர். த சில்வா முதலியோர் அவர்களுக்குத் துணைநின்றனர். அவ்விளைஞரே 1935இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தார்கள். ஆலை மறைந்தது, அந்நிலத்தில் ஹவ்லொக் சிற்றி என்னும் வானளாவிய வீட்டுத்தொகுதி எழுந்துள்ளது. தேசாதிபதிகளுக்கும் தளபதிகளுக்கும் கல் உண்டு. கடுகண்ணாவையிலே வீதி சமைத்த கப்டன் டோசனுக்கு 1832இல் எழுந்த கோபுரம் இன்றும் நிற்கின்றது. அவ்வீதியில் மண் சுமந்தோரின் பெயரைத் தேடினால் எங்கே காண்பது? நூல் நூற்ற கைகளுக்கும் அதே கதி நேரலாகாது.

ஆலை இருந்த இடத்து வீதியோரத்திலே மார்பளவு உயரக் கல் ஒன்று போதும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் ஆண்டும் செய்தியும் பொறிக்கலாம். அத்தொழிலாளருட் பெரும்பகுதியினர் மலையாளிகள். ஆதலால் நான்காவதாக மலையாளத்திலும் ஒரு வரிக்கு அக்கல்லில் இடம் விடவேண்டும்.