ஆணையிட்டவரும் ஆண்டவரும்: பினாங்கு சரித்திரத்தில் மந்திர சக்தி

1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஏறத்தாழப் பத்து நாட்கள் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரம் போர்க்களமாயிற்று. கீ ஹின் என்னும் சீனச் சங்கமும் வெள்ளைக்கொடி என்னும் முஸ்லிம் சங்கமும் ஒரு பக்கம் நிற்க, தோ பே கோங் என்னும் சீனச் சங்கமும் சிவப்புக்கொடிச் சங்கமும் எதிர்ப்பக்கம் நின்று, ஆர்மீனியன் தெருவிலும் அதைச் சூழ்ந்த சந்துகளிலும் அரண் அமைத்தும், வீடுகளுக்குத் தீ வைத்தும், பீரங்கி சுட்டும் பொருதன. அவ்வாண்டு ஏப்ரல் 1ஆம் தேதிதான் பினாங்கு இந்திய அரசாங்கத்தின் நிர்வாகத்தினின்று நீங்கி நேராகப் பிரிட்டிஷ் முடியின் கீழ் வந்திருந்தது; ஆட்சி மாறி ஐந்து மாதம் நிறைவதற்குள், ஊர் உண்மையில் யாருடைய கையில் இருக்கிறது என்பதை லெப்டினன்ட் கவர்னர் ஆன்சன் கண்ணெதிரே கண்டார். இக்கலகத்தில் சீனர் சீனரையும் முஸ்லிம் முஸ்லிமையும் எதிர்த்தனர். மதத்தாலும் மொழியாலும் வேறுபட்டவர்கள் தோளோடு தோள் நின்றனர். அவர்களை அவ்வாறு பிணைத்தது சத்தியப் பிரமாணம் ஒன்றே.

அப்பிரமாணத்தின் பலம் மந்திரத்தின் பலமே. மந்திர சக்திக்கும் சமூக அதிகாரத்துக்கும் உள்ள சம்பந்தத்தை இக்காலத்தில் பெரிதும் ஆராய்கிறவர்கள், விந்தையாக, விளையாட்டுக்காரர்களே. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்ட நாள் முதல், ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்றுக் கற்பனை உலகங்களில் சஞ்சரிக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வுலகங்களைப் படைப்போர், நெருப்பை ஏவவல்ல மந்திரவாதி ஒருவன் இருக்கும் நாட்டில் அரசன் எதற்கு, வணிகன் எவ்வாறு பிழைப்பான், குடிகள் யாருக்கு அஞ்சுவார்கள் என்று நெடுநேரம் யோசிக்கிறார்கள். அக்கேள்வியைச் சிறுபிள்ளைத்தனமென்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அதற்குரிய விடையை ஒரு துறைமுகம் நூறாண்டுக்காலம் வாழ்ந்தே காட்டியிருக்கிறது.

கீ ஹின் போன்ற சங்கங்களில் ஒருவனைச் சேர்க்கும் சடங்கு இரவில் நடக்கும். புதியவன் உயர்த்திப் பிடித்த வாள்களின் வளைவுக்குக் கீழே நுழைந்து பீடத்தின் முன் மண்டியிடுவான். முப்பத்தாறு பிரமாணங்களும் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். சேவலொன்றின் தலை கொய்யப்படும். எல்லாருடைய விரலிலிருந்தும் துளித்துளியாக எடுத்த இரத்தத்தை மதுவோடு கலந்து எல்லாரும் அருந்துவார்கள். சகோதரனைக் காட்டிக்கொடுத்தவன் அந்தச் சேவலைப் போல் சாவான் என்பது ஆணை. ஊரும் உறவும் இன்றிக் கடன் சுமையோடு கப்பலேறி வந்து, தெரியாத மொழியில் நடக்கும் நீதிமன்றத்தையும் தன்னைப் பொருட்படுத்தாத அரசாங்கத்தையும் எதிர்கொண்ட ஒரு கூலியாளுக்கு, அந்த இரவு ஒரு புதிய குலத்தைக் கொடுத்தது. நோயில் துணையும், வழக்கில் சாட்சியும், சாவில் ஈமச்சடங்கும் அவனுக்கு உறுதியாயின. அந்நியர் ஒருவரையொருவர் நம்புவதற்கு வேறு ஏற்பாடு இல்லாத இடத்தில் மந்திரம் அந்த ஏற்பாடாக நின்றது. இதைக் காணாமல் அச்சங்கங்களை வெறும் கொள்ளைக் கூட்டமென்று எழுதிவைத்த அதிகாரிகளின் அறிக்கைகள் பாதி உண்மையையே சொல்கின்றன.

எனினும் அச்சடங்கின் நுட்பங்களை அறிந்து நடத்திவைத்த ‘சின்சே’ சங்கத்தை ஆளவில்லை. ஆண்டவர்கள் தவுக்கேமார்கள், அதாவது பெருவணிகர்கள். தோ பே கோங் சங்கத்தின் தலைவர் கூ தியென் தேக், ஹொக்கியன் என்னும் சீனப் பிரிவைச் சேர்ந்த வணிகக் குடும்பத்தவர். அபின் குத்தகையிலும் கூலியாள் வரவழைக்கும் வியாபாரத்திலும் கைவைத்தவர். கலகத்துக்குப் பின் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அதை நிறைவேற்றினால் ஊர் மீண்டும் கொதிக்கும் என்ற அச்சத்தால் அது குறைக்கப்பட்டு, ஏழாண்டுகளில் அவர் வெளியே வந்து முன்னிலும் செல்வராக வாழ்ந்தார். ஆயர் ஈத்தாம் பகுதியில் அவர் பெயரால் ஒரு நெடுஞ்சாலையே இருக்கிறது. ஆணையின் சக்தி பூசாரியின் நாவில் பிறந்து, பண்டகசாலை உடையவனின் கையில் போய்ச் சேர்ந்தது.

கொடிச் சங்கங்களின் கதை நம்மவர்க்கு நெருக்கமானது. அவற்றில் மலாய்க்காரரும், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும், இருவர் வழியிலும் வந்த ஜாவி பெக்கான் மக்களும் இருந்தனர். இரத்தமும் மதுவும் இவர்களுக்கு ஆகாதவை. ஆகையால் இவர்களைக் கட்டிய ஆணை திருக்குர்ஆன் மீது இடப்பட்டது. மதராஸ் படைச் சிப்பாய்களும் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்டு வந்த கைதிகளும் கொண்டாடிய முகர்ரம் ஊர்வலங்களே இச்சங்கங்களின் போட்டிக்கு முதற்களம். போரியா என்ற பாட்டும் ஆட்டமும் அங்கிருந்தே கிளைத்தன.

இதே தெருக்களில், எவரையும் அச்சுறுத்தாத இன்னொரு வகைச் சக்தியும் குடிகொண்டிருந்தது. சூலியா தெருவும் கிங் தெருவும் கூடும் மூலையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது நாகூர் தர்கா. ஆண்டகை எனப்படும் இறைநேசர் சாகுல் ஹமீது பாதுஷா துயில்வது நாகூரில். பினாங்கில் இருப்பது நினைவிடமே. சவரம் செய்துகொண்டிருந்த ஆண்டகை, நடுக்கடலில் ஓட்டை விழுந்த கப்பலின் ஓலம் கேட்டுக் கையிலிருந்த கண்ணாடியை எறிய, அது போய் ஓட்டையை அடைத்தது என்ற வரலாற்றை நம்பிக் கடலேறிய தமிழ் முஸ்லிம் வணிகர்களாகிய மரைக்காயர்களுக்கு, வந்திறங்கிய கரையிலும் அந்த அருளின் நிழல் வேண்டியிருந்தது. கராமத்து எனப்படும் அவ்வற்புதங்களை ‘கஞ்சுல் கராமத்து’ என்ற நூலாக்கிய குலாம் காதிறு நாவலர், பினாங்கில் தமிழ்ப் பத்திரிகை நடத்தியவர் என்பதும் தற்செயலன்று. வணிகமும் அச்சும் அருளும் ஒரே கப்பலில் வந்தன.

பினாங்கின் மூலதனம் பாய்ந்த பேராக் ராஜ்யத்து ஈயச் சுரங்கங்களில் மந்திரத்துக்கும் அதிகாரத்துக்கும் உள்ள சம்பந்தம் இன்னும் வெளிப்படை. ஈயத்துக்கு உயிருண்டு, அது எருமை உருவில் நடமாடும் என்று நம்பிய மலாய்ச் சுரங்கத்தில் பாவாங் என்னும் மந்திரவாதியின் விதிகளே சட்டம்: குடை விரிக்கலாகாது, காலணி அணியலாகாது, கறுப்புச் சட்டை பாவாங்குக்கு மட்டுமே உரியது, மீறியவன் அபராதம் கட்ட வேண்டும். அரண்மனையிலோ, ராஜ்யத்தின் ஆயுதங்களையும் அவற்றைக் காக்கும் ஜின்களையும் பேணும் அரச மந்திரவாதி, சுல்தான் மூடா என்ற பட்டம் பெற்ற அரச வமிசத்தவர். 1875 நவம்பர் 2ஆம் தேதி பிரிட்டிஷ் ரெசிடென்ட் பர்ச் பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டபின் நடந்த விசாரணையில், பேராக் சுல்தான் அப்துல்லா அதற்குமுன் ஆவிகளை அழைத்துச் சடங்கு செய்தார் என்ற சாட்சியமும் பதிவாயிற்று. அப்துல்லா 1877இல் சேஷெல்ஸ் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார்.

மந்திரத்தை நம்பாத ஆங்கில அரசாங்கம் மந்திரத்துக்கு அஞ்சியது. அதை உபயோகித்தும் கொண்டது. நீதிமன்றத்தில் சீனரின் சொல்லை நம்புவதற்குச் சேவல் தலையை வெட்டிச் சத்தியம் செய்யும் முறை அனுமதிக்கப்பட்டது. 1867 கலகத்துக்குப் பின் பினாங்கின் நான்கு சங்கங்களுக்கும் தலைக்கு 5,000 டாலர் அபராதம் விதித்து, அந்தப் பணத்தில் காவல் நிலையங்கள் கட்டினார்கள். 1869இல் சங்கங்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்தது. இறுதியில் 1889ஆம் ஆண்டுச் சட்டம், அடுத்த ஆண்டு அமலுக்கு வந்தபோது, அவற்றைக் கலைத்தே விட்டது. தொழிலாளர்க்குப் புகலாயிருந்ததும் அவர்களை அடக்கியதும் ஒன்றாகவே கலைந்தன. புகலுக்கு மாற்றாக அரசாங்கம் கொடுத்தது மிகச் சொற்பம் என்பதே என் கருத்து.

கீ ஹின்னின் சர்ச் தெருத் தலைமையகத்தை அதன் பரம வைரியாகிய ஹாய் சான் என்னும் இன்னொரு சீனச் சங்கத்தின் தலைவர் சுங் கெங் குவீ வாங்கித் தம் மாளிகையை எழுப்பினார். அதுவே இன்று பிரானாக்கான் அருங்காட்சியகம். தோ பே கோங் சங்கம் போ ஹொக் சியா என்ற சமயக் கழகமாக மாறி ஆர்மீனியன் தெருக் கோவிலில் தொடர்கிறது. சீனப் புத்தாண்டின் பதினான்காம் இரவில் அக்கழகத்தார் தஞ்சோங் தோக்கோங் கடற்கரைக் கோவிலுக்குச் சென்று, விளக்கணைத்து, தூபக்கலசத்தை மும்முறை விசிறி, எழும் சுவாலையின் உயரங்களைக் கொண்டு ஆண்டின் முற்பகுதி, நடுப்பகுதி, பிற்பகுதி மூன்றிலும் வணிகம் எப்படியிருக்கும் என்று அறிவிக்கிறார்கள். அக்கோவிலைப் பரிபாலிப்பவர்கள் ஹக்கா என்னும் வேறொரு சீனப் பிரிவு மக்கள். அந்த ஓர் இரவின் உரிமையை மட்டும் ஹொக்கியன் கழகம் இன்றளவும் விட்டுக்கொடுக்கவில்லை, மறுநாள் பத்திரிகைகளும் அந்தச் சுவாலையின் செய்தியைத் தவறாமல் வெளியிடுகின்றன.